பதினாலு கிலோமீட்டர் நட்சத்திரம்

அந்த ஆடியில் எங்கள் வீட்டில் மிக்ஸி ஓடக் கூடாது என்று அப்பா சட்டம் போட்டார். ஆடித் தபசுத் திருவிழா நேரத்துக் காற்று கரண்டுக் கம்பியை ஆட்டி ஆட்டிக் கரண்டைப் பிடுங்கிவிடும். அம்மாவின் லேப்டாப்பில் பேட்டரி செத்துப் பல மாதம். கரண்டு போனால் இன்வெர்ட்டரை நம்பித்தான் அவளுடைய ஆராய்ச்சிக் கணக்கு ஓடியாக வேண்டும்; மிக்ஸி போட்டால் அது சீக்கிரம் தீர்ந்துவிடும். பெரியம்மா சட்னிக்குப் பதிலாகப் பொடியை வைத்தாள். பெரியப்பா ஒரு இட்லி விடாமல் தின்றுவிட்டு, "நட்சத்திரத்துக்காக நாக்கக் கட்டுன குடும்பம் சங்கரன்கோவில்ல நம்ம ஒண்ணுதாம்" என்றார்.

அம்மா திருநெல்வேலியில் ஆராய்ச்சி மாணவி. வாரம் முழுக்க விடுதி, சனிக்கிழமை சாயங்காலம் வீடு, திங்கட்கிழமை காலையில் மறுபடியும் பஸ். நான் ஐந்தாம் வகுப்பு. எனக்குத் தலை பின்னிவிட்டதும் திட்டியதும் பெரியம்மாதான். இந்தக் கணக்கு சரியாக வந்தால் அம்மா ஆய்வை எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டோடு வந்துவிடுவாள். வராவிட்டால் முதலிலிருந்து ஆரம்பம். யாரும் என்னை உட்கார வைத்து இதைச் சொல்லவில்லை. இரண்டு அறை வீட்டில் எதையும் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கணக்கு இதுதான். செத்துப்போன பெரிய நட்சத்திரத்தின் மிச்சம் தன் எடையாலேயே நசுங்கி, ஒரு ஊர் அளவுக்குச் சுருங்கிக் கிடக்கும். அணுக்களின் கருவை மட்டும் பொறுக்கி நெருக்கி அடைத்தது போன்ற பொருள். ஒரு கரண்டி அள்ளினால் ஒரு மலையின் எடை. அதை மேலும் அமுக்கினால் எவ்வளவு எதிர்த்துத் தள்ளும்? பூமியில் யாரும் செய்து பார்க்க முடியாது. அதனால் ஆளுக்கொரு விதி எழுதிப் பார்க்கிறார்கள். அம்மாவும் ஒன்று எழுதினாள். விதியைக் கொடுத்தால், கம்ப்யூட்டர் நடுவிலிருந்து அடுக்கடுக்காக நட்சத்திரத்தைக் கட்டி, எவ்வளவு எடை தாங்கும், எவ்வளவு பெரிதாக இருக்கும் என்று சொல்லும்.

அப்பா விசைத்தறிக்கு உதிரி பாகம் விற்கிறவர். காபி கொண்டுபோய் வைக்கிற சாக்கில் மெதுவாகக் கேட்டார்.

"என்ன, நிக்குமா?"

"பொருளு மெத்துன்னு இருந்தா எடை தாங்காம உள்ள விழுந்திரும்" என்றாள் அம்மா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "ரொம்ப வெறைப்பா இருந்தா தாங்கும், ஆனா ஊதிரும். சூரியன் மாதிரி ரெண்டு மடங்கு எடை உள்ள ஒண்ண வானத்துல பாத்தாச்சு. அந்த எடையத் தாங்கணும். ரெண்டு நட்சத்திரம் மோதி அதிர்ந்தத வச்சு, இம்புட்டு பெருசுதான் இருக்க முடியும்னும் சொல்லிட்டாங்க. நடுவுல இருந்து விளிம்புக்குப் பன்னெண்டு கிலோமீட்டர் கிட்ட வரணும்."

அப்பா தலையை ஆட்டினார். திருநெல்வேலி ரோட்டில் பனவடலிசத்திரம் போகிற வழியில் பாதிக்கு மேல் என்று மனதுக்குள் அளந்திருப்பார்.

பெரியம்மா கோயிலில் விளக்குப் போட்டுவிட்டு வந்தாள். "சிவனையும் பெருமாளையும் ஒரே ஒடம்புல நிறுத்துன ஊரு மக்கா இது. ஒன் நட்சத்திரத்த நிறுத்தாதா?" என்றாள். அம்மா சிரித்தாள். சிரித்து முடித்ததும் நகத்தைக் கடிக்க ஆரம்பித்தாள்.

ஃபேன் கொஞ்சம் மெதுவாகச் சுற்றினாலும் ஓடிப்போய் இன்வெர்ட்டரின் விளக்கைப் பார்ப்பேன். அம்மா இல்லாத இன்னொரு தீபாவளி, இன்னொரு பள்ளி ஆண்டு விழா என்று நானே ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தேன். "ஏட்டி, சும்மா அங்கனயும் இங்கனயும் ஓடாத, அவளுக்குப் படபடப்பா வருது" என்று பெரியம்மா அதட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கணக்கு முடிந்தது. நான் அம்மாவின் முதுகோடு ஒட்டிக்கொண்டு நின்றிருந்தேன்.

"எடை ரெண்டத் தாண்டிட்டு" என்றாள் அம்மா. அப்பா கையெடுத்துக் கும்பிட்டார்.

அடுத்த எண்ணை நானே வாசித்துவிட்டேன். பதினாலு. எனக்குத் தெரிந்த உலகத்தில், பன்னிரண்டு கேட்ட இடத்தில் பதினாலு எடுப்பவள் கெட்டிக்காரி. அம்மாவின் முகத்தைப் பார்க்கக்கூட எனக்குப் பொறுமை இல்லை. வாசலுக்கு ஓடி, "எங்கம்மா பாஸாயிட்டா, கேட்டதுக்கு மேலயே ரெண்டு வந்திருக்கு" என்று தெருவுக்கே சொன்னேன். எதிர்வீட்டு அக்கா என்னைத் தூக்கிச் சுற்றினாள். பெரியப்பா வண்டியை எடுத்துக்கொண்டு போய் அல்வாவோடு வந்தார்.

அம்மா மெதுவாக வெளியே வந்தாள். அப்பா அவளைப் பார்த்தார். அவள் அவருக்கு மட்டும் தெரிகிற மாதிரி, 'இல்லை' என்று தலையசைத்தாள். பெரியம்மா அதைக் கவனிக்காமல் அல்வாவை அவள் வாயில் திணித்தாள். அம்மா என்னைப் பார்த்துக்கொண்டே அதை விழுங்கினாள்.

"நல்லா இருக்கு" என்றாள்.

அன்றைக்குச் சாயங்காலம் மிக்ஸி ஓடியது. தேங்காய்ச் சட்னி.

மறுநாள் காலை பஸ் நிலையத்துக்கு நானும் போனேன். விடுதியைக் காலி செய்யத்தான் அம்மா போகிறாள் என்று எனக்குள் நானே முடிவு கட்டியிருந்தேன். ஏறும்போது அம்மா என் கன்னத்தைப் பிடித்து, "பெரியம்மா சொல்லுததக் கேட்டு நடக்கணும்" என்றாள். அப்பா ஜன்னலோரம் நின்று, "அடுத்த ஆடிக்குள்ள முடிஞ்சிரும்லா?" என்று கேட்டார். "பாப்போம்" என்றாள். அவர்கள் தபசுத் திருவிழாவைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று நினைத்தேன்.

நட்சத்திரம் இரண்டு கிலோமீட்டர் பெருத்தால் ஒரு வருஷம் போய்விடும் என்று எனக்கு யார் சொல்வார்கள்? பஸ் கிளம்பியது. அம்மா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, கண்ணுக்கு மறைகிறவரை என்னையே பார்த்துக்கொண்டு போனாள். "ஒரு சாமானையும் விட்டுராதம்மா, எல்லாத்தையும் எடுத்துட்டு வா" என்று நான் சந்தோஷமாகக் கத்திக்கொண்டு, இரண்டு கையையும் ஆட்டினேன்.