மஞ்சள் நூல் கட்டிய பூக்கள்

என் அக்காவின் கணவரை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓரவஞ்சனையாக எழுதிவிட்டேன் என்று பிறகு யாரும் என்னிடம் சண்டைக்கு வர வேண்டாம். இது அக்காவைப் பற்றிய கதைதான். ஆனால் அவளைப் பற்றி எதைச் சொல்ல வாயெடுத்தாலும் நடுவில் அத்தான் கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அதுதான் அவர் வழக்கம்.

அக்கா, துணிகளைத் திருத்திக் கொடுக்கும் கடையில் வேலை செய்கிறாள். நீளக் கால்சட்டையை மடித்துத் தைப்பது, இறுகிப்போன சட்டையைப் பிரித்து விடுவது, பல் போன ஜிப்பை மாற்றுவது. யார் பெருத்தார்கள், யார் இளைத்தார்கள் என்பது அவர்கள் வீட்டு ஆட்களுக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும். வெளியே மூச்சு விட மாட்டாள். நானாக இருந்தால் தெரு முழுக்கச் சொல்லியிருப்பேன். கடையில் மற்றவர்கள் எந்தத் துணிக்கு என்ன வேலை என்று சீட்டு எழுதிக் குத்தி வைப்பார்கள். அக்கா சீட்டு எழுதுவதே இல்லை. எங்கே வேலையோ அந்த இடத்திலேயே நிற நூலால் ஒரு தையல் போட்டுவிடுவாள். சிவப்பென்றால் குறைக்க வேண்டும், நீலமென்றால் கூட்ட வேண்டும். இருபது வருடத்தில் ஒரு துணிகூட மாறியதில்லை.

வீட்டுக்குப் பின்னால் ஒரு சிமெண்டு முற்றம், அதில் இருபத்துமூன்று தொட்டிகள். குளிர்காலம் முழுக்கத் துணி துவைக்கும் அறையில் கிடக்கும். வெயில் திரும்பும் வாரத்தில் அக்கா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் பிடித்து வெளியே கொண்டுவருவோம். நான் மாடியில் குடியிருப்பதால் அந்த உரிமை எனக்கு. சரியாக அந்த வாரம் அத்தானுக்கு முதுகு பிடித்துக்கொள்ளும். மொட்டு விரிந்ததும் முதுகு சரியாகிவிடும்.

எல்லாத் தொட்டியிலும் லில்லிதான். பெரிய வெங்காயம் மாதிரி ஒரு கிழங்கு, அதிலிருந்து முழங்கை உயரத்துக்கு ஒரு வெறுந்தண்டு, உச்சியில் இரண்டு மூன்று பூக்கள். அக்கா காது குடையும் பஞ்சுக்குச்சியால் ஒரு பூவின் மகரந்தப் பொடியைத் தொட்டு இன்னொரு பூவின் நடுக்கம்பியில் தடவுவாள். தடவிய பூவின் காம்பில் நூல் கட்டுவாள். யாருடைய பொடி என்பது நூலின் நிறத்தில் இருக்கும். பூ வாடிய இடத்தில் காய் பிடிக்கும், காய்க்குள் கறுப்பு விதைகள். விதை முளைத்துப் பூக்க நான்கு வருடம். பூத்த நிறம் பிடிக்கவில்லை என்றால் மறுபடி முதலிலிருந்து. நான் பல் மருத்துவரின் வாசலில் உட்கார்ந்து வருகிறவர்களுக்கு நேரம் குறித்துக் கொடுப்பவள். ஐந்து நிமிடம் தள்ளிப்போனாலே எனக்குத் தலை வெடித்துவிடும். நோட்டில் எழுதி வைக்கக் கூடாதா என்று ஒருமுறை கேட்டேன். நோட்டு தொலைந்துபோகும், பூவிலேயே இருந்தால் தொலையாது என்றாள்.

அத்தான் காப்பீட்டு நிறுவனத்தில் மோதிய வண்டிகளைப் பார்த்துச் சேதத்தை மதிப்பிடுபவர். அந்த வேலையின் மகத்துவத்தைச் சாப்பாட்டு மேசையில் நூறு முறை கேட்டிருக்கிறேன். முதலில் வண்டி கிடக்கிற கிடையிலேயே படம் எடுக்க வேண்டும். பிறகு சேறு, இலை, உடைசல் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு நசுங்கல் மட்டும் தெரிகிற மாதிரி மறுபடி எடுக்க வேண்டும். வருடம் முழுக்க நசுங்கலைப் பார்த்த கண்ணுக்கு வசந்தத்தில் பூ வேண்டியிருக்கிறது, அதை நான் குறை சொல்லவில்லை. தொட்டிக்குப் பின்னால் கறுப்புத் துணியைத் தொங்கவிட்டு, பூவின் மேல் தண்ணீரைத் தெளித்துப் பனித்துளி என்பார். அப்புறம் 'என் தோட்டம்' என்று தலைப்புப் போட்டு ஊருக்கெல்லாம் அனுப்புவார். ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றாத மனிதருக்கு அது எப்படி 'என்' ஆயிற்று என்று எனக்கு வயிறு எரியும். அக்கா சிரித்துக்கொண்டு போய்விடுவாள்.

போன வசந்தத்தில் பதினேழாவது தொட்டி முதல் முறையாகப் பூத்தது. இரண்டு தலைமுறை விதை, எட்டு வருடக் காத்திருப்பு. பாலாடை நிறம், இதழின் ஓரத்தில் மட்டும் வெங்காயத் தோலின் நிறத்தில் மெல்லிய ஒரு கோடு. அப்படி ஒன்றை நான் எங்கும் பார்த்ததில்லை. அக்கா அன்றைக்கு வேலைக்கு அரைமணி நேரம் தாமதமாகப் போனாள், என் நினைவில் அதுதான் முதல் தடவை. மறுநாள் கிழங்கைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். விரல் உள்ளே போயிற்று. குளிரில் அழுகியிருந்தது. மிச்சமிருந்த உயிரையெல்லாம் கொட்டிப் பூத்திருக்கிறது, இந்தத் தண்டில் காய் நிற்காது, அடுத்த வருடம் கிழங்கே இருக்காது என்றாள். அதன் பொடி ஒன்றுதான் மிச்சம். அதை ஒன்பது பூக்களில் தடவி ஒன்பதிலும் மஞ்சள் நூல் கட்டினாள். மற்ற பூக்களில் நீலமும் பச்சையும் இருந்தன, சிலவற்றில் எதுவும் இல்லை. நான்காம் நாள் பதினேழாவது தண்டு சாய்ந்துவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பள்ளிச் சீருடைகள் குவிந்துகிடந்ததால் அக்கா கடைக்குப் போக வேண்டியிருந்தது. நான் மாடியில் தூங்கிக்கொண்டிருந்தேன். மத்தியானம் அத்தானின் படங்கள் கைப்பேசியில் வரிசையாக வந்து விழுந்தன. தூசு துரும்பு இல்லாத படங்கள். அவற்றைப் பார்த்து முதல் ஆளாக இதயம் போட்டது நான்தான். பூக்களின் காம்பில் நூலே இல்லை என்பது என் கண்ணில் படவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

சாயங்காலம் அக்கா வந்து முற்றத்துக்குப் போனாள். வெகுநேரமாகியும் அவள் உள்ளே திரும்பாததால் நான் இறங்கிப் போனேன். தொட்டிகளுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்திருந்தாள். குப்பைக்கூடையில் மஞ்சளும் நீலமும் பச்சையுமாக நூல்கள் ஒரு பிடி கிடந்தன.

"எல்லாத்தையும் எடுத்துட்டாருடி," என்றாள்.

அத்தான் கூடத்தில் கணினி முன் உட்கார்ந்து படங்களுக்கு வெளிச்சம் கூட்டிக்கொண்டிருந்தார். நூல்கள் படத்தில் அசிங்கமாகத் தெரிந்ததாம். நூலைத்தானே வெட்டினேன், பூவையா வெட்டினேன் என்று எங்களையே திருப்பிக் கேட்டார். நான் வாய்க்கு வந்தபடி பேச ஆரம்பித்தேன். அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினாள். அவள் மனசு வேறெங்கோ வேகமாக ஓடிக்கொண்டிருந்தது.

"வெட்டுறதுக்கு முன்னாடி எடுத்திருப்பீங்களே, இருந்தது இருந்தபடி. அதக் காட்டுங்க."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. முதலில் கிடக்கிற கிடையில் ஒரு படம். அந்தப் படத்தில் ஒன்பது மஞ்சள் நூல்களும் இருக்கும். என் வாழ்நாளில் முதல் முறையாக, இந்த மனிதர் தன் வேலையைத் தன் வழக்கப்படியே செய்திருக்க வேண்டும் என்று மனதார வேண்டிக்கொண்டேன்.

"எடுத்தேன், அழிச்சிட்டேன்," என்றார் அத்தான். "வண்டின்னா நாளைக்கு ஒருத்தன் வந்து கேப்பான், வச்சிருக்கணும். இதுக்கு யாரு வந்து கேக்கப் போறாங்க?"

அவர் அதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே அப்படித்தான் நினைத்திருக்கிறார். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

"நான் கேக்குறேன்," என்றாள் அக்கா. "மஞ்ச நூல் எந்தெந்தப் பூவுல இருந்துச்சு?"

மூன்று வருடத்துக்கு முன்னால் பார்த்த வண்டியின் இடது கதவில் எத்தனை கீறல் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுகிற ஆள். ஒரு பூவைக்கூடக் காட்டத் தெரியவில்லை. நூல்களை ஒவ்வொன்றாகக் கத்தரிக்கோலால் வெட்டியிருக்கிறார், ஒன்றையும் பார்க்கவில்லை.

அக்காவுக்கும் முழுக்க நினைவில்லை. நூல் இருக்கிறது என்ற தைரியத்தில் அவள் எதையும் மனதில் வைத்துக்கொள்வதில்லை. நான்கு பூக்களைத் தொட்டுக் காட்டினாள், அதில் இரண்டில் அவளுக்கே சந்தேகம். கேமராவிலிருந்து அழித்ததை மீட்க முடியுமா என்று நான் கடை கடையாக ஏறி இறங்கினேன். அதன் மேலேயே புதிதாக எத்தனையோ பூக்களை எடுத்துத் தள்ளியிருந்தார் மனிதர். எல்லாரும் கையை விரித்துவிட்டார்கள்.

மாதம் ஒன்று ஆனதும் மொத்தம் முப்பத்துநான்கு காய்கள் முற்றின. அவற்றில் ஏதோ ஒன்பதில் அந்தப் பாலாடைப் பூவின் பிள்ளைகள் இருக்கின்றன. எதில் என்று தெரியாது. எல்லாவற்றையும் விதைக்கத் தொட்டி கிடையாது, புதிதாக வாங்கி வைக்க முற்றத்தில் இடமும் கிடையாது. வாரக்கணக்கில் அக்கா முற்றத்தில் நின்று தொட்டிகளை எண்ணிக்கொண்டே இருந்தாள். அந்த நாட்களில் அத்தானின் படம் ஒன்று அவர் நிறுவனத்தின் நாள்காட்டிக்குத் தேர்வாகியிருந்தது. அடுத்த வசந்தத்தில் புதிதாகப் படம் எடுங்கள், அதற்கடுத்த நாள்காட்டி முழுக்கவே உங்கள் தோட்டம்தான் என்று மேலதிகாரி சொல்லிவிட்டாராம். தலைகால் புரியாமல் திரிந்தார். பன்னிரண்டு பூ பன்னிரண்டு மாதத்துக்கு என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அக்கா ஒருநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு எல்லாக் கிழங்குகளையும் தோண்டினாள். ஒவ்வொன்றும் கை நிறைய, பல வருடம் பழகிய கிழங்குகள். மண்ணை உதறி, பழைய செய்தித்தாளில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனாள். அந்த வாரம் கால்சட்டையைத் திருத்தி வாங்க வந்தவர்களெல்லாம் ஆளுக்கொரு கிழங்கோடு வீட்டுக்குப் போனார்கள். கிழங்கில்லாத தொட்டிகளில் காய்க்குப் பத்து விதை வீதம் முந்நூற்று நாற்பது விதைகளை ஊன்றினாள். மூன்று வாரத்தில் ஊசி ஊசியாக முளைத்தன.

இந்த வசந்தத்தில் வெயில் திரும்பியதும் தொட்டிகளை வெளியே கொண்டுவந்தோம். ஒவ்வொன்றிலும் புல் மாதிரி நெருக்கமாக இலைகள், மொட்டென்று ஒன்றும் கிடையாது. இன்னும் மூன்று வசந்தத்துக்கு இருக்கவும் இருக்காது. அத்தான் கறுப்புத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு கேமராவோடு வந்தார். கொஞ்ச நேரம் குனிந்து பார்த்தார், எழுந்து பார்த்தார். அக்கா அந்தக் கோடியில் மண்டியிட்டு, இலை இலையாக விலக்கிக் களை பிடுங்கிக்கொண்டிருந்தாள். அவர் வந்ததைக் கவனித்த மாதிரி தெரியவில்லை.

மாடிப்படியில் நின்றிருந்த என்னிடம் வந்தார். நாள்காட்டிக்காரர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று புலம்பினார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"உங்கக்கா வேணும்னேதான இப்படிப் பண்ணா? என்னப் பழிவாங்கத்தான?"

ஆமாம் என்று நான் சொல்லிவிட வேண்டும் என்று அவர் எதிர்பார்த்தார், முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஆமாம் என்றால் அதையும் நாலு பேரிடம் சொல்லிக்கொள்ளலாம்.

"இல்ல அத்தான்," என்றேன். "அவ அந்தப் பூவத் தேடுறா. இதுல நீங்க எங்கயுமே இல்ல."

அவர் திரும்பி அக்காவைப் பார்த்தார். அவள் தலை நிமிரவில்லை, இரண்டாவது வரிசைக்கு வந்திருந்தாள். அத்தான் கறுப்புத் துணியை நாலாக மடித்து எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.