பதினோரு 'யெஸ்'

வாரந்தோறும் ஒருத்தியிடம் 'இதை நம்புகிறாயா?' என்று கேட்கப்படுகிறது. அவளும் கேள்வியைப் படிக்காமலே 'ஆம்' என்கிறாள். ஒரு நாள் அந்த 'ஆம்' பொய் என்று தெரிந்தால் பொறுப்பு யாருடையது? அருணாசலவடிவின் முப்பத்தாறாவது வயது இந்தக் கேள்வியில் போய் முட்டிக்கொண்டது.

ஏரல் பக்கம் நெல்லும் வாழையும் போடும் குடும்பத்தில் பிறந்தவள். மாப்பிள்ளையூரணியில் வாடகை வீடு. தூத்துக்குடி துறைமுகத்தில் சரக்கு இறக்கும் கம்பெனி ஒன்றில் ஒன்பது வருடமாக வேலை. வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு பவர்பாயிண்ட் தயாரிப்பது அவள்தான். அதிலுள்ள கிரேன் படத்தைத் தொட்டால் சூப்பர்வைசர் பாண்டித்துரையின் எக்செல் ஷீட் திறக்கும். கிரேனின் இரும்பு வடத்தை எந்தெந்தத் தேதியில் சோதித்தார்கள் என்ற பட்டியல் அது. திறக்கும் முன் ஒவ்வொரு முறையும் திரையில் ஒரு பெட்டி குதிக்கும். 'இது தீங்கு செய்யலாம், வந்த இடத்தை நம்பினால் மட்டும் திறக்கவும்' என்று ஆங்கிலத்தில் சொல்லும். அவள் ஈ ஓட்டுவதுபோல 'யெஸ்'ஸை அமுக்குவாள். அந்த ஆபீசில் எல்லாரும் அப்படித்தான்.

செப்டம்பரில் ஒரு வியாழக்கிழமை பாண்டித்துரை வந்து நின்றார்.

"ஏம்மா வடிவு, நாளைக்குக் கப்பல் கம்பெனிக்காரங்க வாராங்க. அவங்க முன்னால அந்தச் சனியன் பெட்டி வரப்படாது."

"லிங்க் இருந்தா வரத்தான் செய்யும் சார்."

"அப்ப லிங்க்கைத் தூக்கிரு. ஷீட்டைக் காப்பி பண்ணி ஸ்லைடுலயே ஒட்டிரு. சோலி முடிஞ்சுது."

ஒட்டினால் பட்டியல் அவளுடையதாகிவிடும். ஸ்லைடின் அடியில் 'தயாரித்தவர்' என்று இருந்தது அவள் பெயர். அதனால்தான் அதை முதன்முறையாகப் படித்தாள். ஜூலை ஒன்றிலிருந்து பதின்மூன்று செவ்வாய்க்கிழமைகள். எல்லாவற்றிலும் சோதித்தவர் டிக்சன். நடுவில் ஆகஸ்ட் ஐந்து. மாதா கோயில் திருநாள். ஊருக்கே லீவு.

டிக்சனுக்குப் போன் போட்டாள். அவர் தருவைகுளத்துக்காரர், கிரேன் மெக்கானிக்.

"அண்ணே, ஆகஸ்ட் அஞ்சாம் தேதி வடம் பாத்தியளா?"

"ஏளா, ஒனக்குக் கோட்டியா புடிச்சிருக்கு? திருநாளன்னைக்கு எவம்ளா கிரேன்ல ஏறுவான்? நான் புள்ளகுட்டியோட கோயில்லல்லா கெடந்தேன்."

"மத்த செவ்வாய்க்கெழம?"

"ஜூன் கடைசில ஏறுனது. பொறவு ஏறவே விடலியே. கப்பல் நிக்கி, மெஷினை நிறுத்தப்படாதுன்னுட்டாரு ஒங்க சார்."

நேராகப் பாண்டித்துரையின் மேசைக்குப் போனாள். கேட்டதும் அவர் சிரித்தார்.

"முதல் ரெண்டு கட்டத்துல தேதியப் போட்டுக் கீழ இழுத்தேன், மத்த வாரமெல்லாம் அதுவா இறங்கிட்டு. திருநாளுன்னு கம்ப்யூட்டருக்குத் தெரியுமா? அந்த ஒண்ணை மட்டும் மாத்திரு தாயி."

"மத்த பன்னெண்டு?"

"ஒனக்கு ஸ்லைடு வேல. அதப் பாரு."

கொக்கி மாட்ட அந்த வடத்துக்குக் கீழே ஒவ்வொரு ஷிப்டிலும் ஆறு பேர் நிற்கிறார்கள். 'தாயி'யாம்! அன்று வீட்டில் அவள் சோற்றைப் பிசைந்தாளே தவிர உண்ணவில்லை. அந்த ஆள்மேல் வந்த கோபத்தைவிட, பதினோரு வெள்ளிக்கிழமை கூசாமல் அமுக்கிய தன் விரல்மேல் வந்த கோபம் பெரிதாக இருந்தது.

மறுநாள் கூட்டத்தில் கிரேன் படத்தைத் தொட்டாள். சுவர் அகலத்துக்கு அந்தப் பெட்டி வந்து நின்றது. லிங்க்கை அவள் எடுக்கவில்லை.

"யெஸ்ஸ அமுக்கும்மா," என்றார் பாண்டித்துரை, பல்லைக் கடித்துக்கொண்டு.

அவள் 'நோ'வை அமுக்கினாள். பெட்டி மறைந்தது. ஷீட் வரவில்லை.

வந்தவர்களில் ஒருவர், "ஃபைல்ல ஏதும் பிரச்சினையா?" என்று கேட்டார்.

"வந்த இடத்த நம்புனா மட்டும் தெறக்கச் சொல்லுது சார். எனக்கு நம்பிக்கை இல்ல. நீங்க மெக்கானிக் டிக்சனைக் கூப்பிட்டு, வடத்தக் கடைசியா என்னைக்குப் பாத்தாருன்னு கேளுங்க."

அரைமணி நேரத்தில் கிரேன் நின்றது. டிக்சன் ஏறிப் பார்த்தபோது வடத்தை முறுக்கிய கம்பிப் புரிகளில் ஒன்று முழுக்க அறுந்து, கொக்கி மற்ற புரிகளில் தொங்கிக்கொண்டிருந்தது. புது வடம் மாட்டும்வரை யாரையும் கீழே விடவில்லை.

திங்கட்கிழமை விசாரணை. பாண்டித்துரையின் ஷீட்டைப் பற்றி மட்டும் எழுதித் தந்தால் போதும் என்றார் மேனேஜர். அவள் இரண்டு தாள் கொடுத்தாள். முதல் தாளில் அவர் கேட்டது இருந்தது. இரண்டாவதில் சுதந்திர தின லீவு நீங்கலாகப் பதினோரு வெள்ளிக்கிழமைகளின் தேதிகள், ஒவ்வொன்றுக்கும் எதிரே 'படிக்காமல் யெஸ் அமுக்கினேன்' என்ற வரி, அடியில் அவள் கையெழுத்து.

"இத யாரும்மா ஒன்கிட்ட கேட்டா?" என்றார் அவர்.

அவள் பேனாவை மூடிப் பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே போனாள்.