அறைவதற்கு ஓர் இடது கை

என் மூளையின் ஆழத்தில் ரத்தம் கசிந்து கட்டியிருக்கிறது என்று டாக்டர் சொன்னபோது என் மனைவியால் நம்ப முடியவில்லையாம். "ரத்தத்தை நம்பிட்டேன். ஆழத்தைத்தான் நம்பலை" என்று பிழைத்து எழுந்த பிறகு என்னிடம் சொன்னாள். முப்பது வருஷம் குடும்பம் நடத்தியவள். அவளுக்குத் தெரியாத ஆழம் ஒன்று எனக்குள் இருந்ததற்கு ஸ்கேன் படமே சாட்சி.

நான் பதினோரு நாள் நினைவில்லாமல் கிடந்தேன். மண்டை ஓட்டுக்கு அடியிலேயே கட்டியிருந்தால் திறந்து எடுத்திருப்பார்களாம். இது உள்ளே, வலப்பக்கம், கத்தி போகக்கூடாத இடத்தில் இருந்தது. பெரிதாகாமல் இருந்தால் தானாகக் கரையும், காத்திருங்கள் என்றார்கள். பெரிதாகவில்லை, கரைந்தது. போகிற போக்கில் என் இடது கையையும் இடது காலையும் கையோடு கொண்டுபோய்விட்டது. நான் இடது கைக்காரன்.

விழுந்தது போலாரம் போகிற வழியில், முந்தின நாள்தான் போட்டிருந்த ஒரு ஸ்பீட் பிரேக்கரில். அதற்கு வெள்ளைக்கோடு கிடையாது. பைக் தாண்டியது, நான் தாண்டவில்லை. ஸ்பீட் பிரேக்கரை அறைய முடியாது. அதைப் போட்டவன் யாரென்றும் தெரியாது. ஆனால் அறையக்கூடிய ஒரு கன்னம் எனக்குத் தெரிந்திருந்தது. அது என் பங்காளியின் கன்னம்.

பங்காளி என்றால் ரத்த உறவு இல்லை. எங்கள் இருவருக்கும் சேர்ந்து ஒரே ஒரு ஹெல்மெட் இருந்தது, அதனால் அந்தப் பெயர். சனத்நகரில் நாங்கள் வேலை பார்க்கும் பட்டறையில், ஹெல்மெட் இல்லாமல் வரும் பைக்கைக் கேட்டுக்குள் விடக்கூடாது என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். ஆளுக்கொன்று வாங்க வக்கில்லாமல் இல்லை. எனக்கு மூளை அதிகம், அதுதான் காரணம். "கேட்டைத் தாண்ட அரை நிமிஷம். அதுக்கு ரெண்டு ஹெல்மெட் எதுக்கு?" என்று கேட்டவன் நான். காலையில் நான் அதைப் போட்டுக்கொண்டு உள்ளே போவேன். வண்டியை நிறுத்திவிட்டு காம்பவுண்டு சுவருக்கு மேலாக வெளியே எறிவேன். அவன் பிடித்து, மாட்டிக்கொண்டு, செக்யூரிட்டிக்கு சல்யூட் வைத்துவிட்டு வருவான். எட்டு மாதத்தில் ஒரு தடவைகூட கீழே விழவில்லை. அந்த ஹெல்மெட்டுக்கு ஒரு சின்ன அடிகூடப் படாமல் பார்த்துக்கொண்டோம்.

சாயங்காலம் மட்டும் ஒரு சட்டம் வைத்திருந்தோம். தூரம் போகிறவனுக்கு ஹெல்மெட். அவன் வழி போயின்பல்லியிலேயே முடிந்துவிடும். என் வீடு போலாரத்தில். ஆகவே எனக்கு. தலையில் இருக்கிறதா என்று பார்க்க என் மனைவி வாசலில் நிற்பாள்.

அன்று நான் வெறுந்தலையோடு விழுந்தேன். ஹெல்மெட் அவன் வீட்டில் இருந்தது. அந்தச் சாயங்காலத்தில் எனக்கு ஒரு நிமிஷம்கூட ஞாபகமில்லை. மத்தியானம் சாப்பிட்ட சேப்பங்கிழங்கு வறுவலோடு படம் அறுந்துவிட்டது. ஆனால் கணக்கு எளிது. என் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். அது போதாதென்று ஆஸ்பத்திரிக்கு ஒருநாள்கூட வரவில்லை. ஒரு போன் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் கைக்குப் பயிற்சி கொடுக்க ஒரு தெலுங்குப் பெண் வந்தாள். என் மகள் வயது இருக்கும். ஃபைலைத் திறந்து, "மீ கோல் ஏன்ட்டி சார்?" என்றாள். என் லட்சியம் என்ன என்று ஐம்பத்தாறு வயதில் முதல்முறையாக ஒருவர் கேட்கிறார். மற்றவர்கள் சட்டைப் பித்தான் போடவேண்டும், டம்ளர் பிடிக்கவேண்டும் என்பார்களாம்.

"ஒகடினி கொட்டாலம்மா" என்றேன். ஒருத்தனை அடிக்கணும்.

அவள் பேனாவைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். பிறகு, கையைத் தோள் உயரத்துக்குத் தூக்குவது, விரல்களை விரிப்பது என்று இரண்டாகப் பிரித்து எழுதிக்கொண்டாள். நல்ல பெண்.

"வலது கைதான் நல்லா இருக்கே, அதால ரெண்டு போட்டுட்டு வந்து படுங்களேன்" என்றாள் மனைவி.

அவளுக்குப் புரியவில்லை. என் வலது கையால் அறைந்தால் வேறு யாரோ அறைந்த மாதிரி இருக்கும். மேலும், நம் ஊரில் இடது கையால் எதைக் கொடுத்தாலும் மரியாதைக் குறைவு. எனக்கு வேண்டியதும் அதேதான்.

முதல் மாதம் கை மேஜையின் மேல் வேறு யாருடையதோ போலக் கிடந்தது. பங்காளியை நினைத்துக்கொண்டேன், கட்டைவிரல் அசைந்தது. அவன் ஞாயிற்றுக்கிழமை பிரியாணி சாப்பிடுவதை நினைத்துக்கொண்டேன், முழங்கை மடங்கியது. மூன்றாம் மாதம் கை மார்பு வரை வந்தது. கொடிக்கயிற்றில் தலையணையைத் தொங்கவிட்டுப் பழகினேன். ஆனால் விரல்கள் இறுகி மூடியே இருந்தன. திறக்க மறுத்தன. குத்து வந்துவிட்டது, அறை வரவில்லை. குத்தினால் போதாதா என்று அந்தப் பெண் கேட்டாள். குத்து கோபத்தில் விழுவது. அறையில்தான் அவமானம் இருக்கிறது. சப்பாத்தி மாவைத் தட்டித் தட்டி விரல்களை விரித்தேன். கோபம் தீராததால் தினமும் ராத்திரி சப்பாத்திதான். வீட்டில் எல்லோரும் என் எதிரியைச் சபித்தார்கள்.

ஒன்பதாம் மாதம், ஒரு ஞாயிறு காலை, ஆட்டோ பிடித்து போயின்பல்லிக்குப் போனோம். மனைவியும் வந்தாள். சண்டையை விலக்க அல்ல. நான் விழுந்தால் பிடிக்க.

கதவைத் திறந்தவன் என் தடியைப் பார்த்தான், காலைப் பார்த்தான், மூஞ்சியை மட்டும் பார்க்கவில்லை. அவன் வழுக்கை முன்னைவிடப் பெரிதாகியிருந்தது. பின்னால் ஆணியில் நீல ஹெல்மெட் தொங்கியது. துடைத்து வைத்திருந்தான்.

"வந்துட்டியா பங்காளி" என்றான்.

"அன்னைக்கு ஹெல்மெட்ட ஏன்டா எடுத்துட்டுப் போனே?"

"அரே, நான் எடுக்கலைடா. நீட்டினேன். நீதான் நக்கோ நக்கோ, வேண்டாம்னே."

"நானா?"

"ஹவ், நீயேதான். 'உன் வழுக்கையில வெயில் பட்டா எதிர்ல வர்றவனுக்குக் கண்ணு கூசுது, நாலு பேரு உயிரோட இருக்கணும், நீயே மாட்டிக்கோ'ன்னு சொல்லிட்டு, நீயே சிரிச்சு, வண்டிய எடுத்துட்டுப் போயிட்டே. ஞாபகம் இல்லையா?"

ஞாபகம் இல்லை. ஆனால் இந்த ஜோக்கை நான் எங்கே கண்டாலும் அடையாளம் சொல்வேன். இவ்வளவு மட்டமான ஒன்றைச் சொல்லிவிட்டு அதற்குத் தானே சிரிக்கிறவன் இந்த ஊரில் ஒருவன்தான் இருக்கிறான். பங்காளிக்கு அப்படி ஒன்றை இட்டுக்கட்டுகிற சாமர்த்தியம் ஏழு ஜென்மத்துக்கும் வராது. பக்கத்தில் மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் அந்த ஜோக்கை அடையாளம் கண்டுகொண்டுவிட்டாள்.

ஒன்பது மாதம் மாவு தட்டி வளர்த்த கையை நான் சும்மா வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோக முடியுமா?

"நான் அப்படிச் சொல்லியிருக்கவே மாட்டேன்" என்றேன். "சரி, அது போகட்டும். ஆஸ்பத்திரிக்கு ஏன் வரலை?"

அவன் வாய் கோணியது. "எப்படிடா வருவேன்? உன் ஹெல்மெட் என் வீட்டு ஆணியில தொங்குது. அண்ணி மூஞ்சிய எப்படிப் பாப்பேன்? ரெண்டு தடவ ஆஸ்பத்திரி கேட் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிட்டேன். பயம்டா."

இது போதும். இந்தக் குற்றம் முழுக்க முழுக்க அவனுடையது. கையைத் தூக்கினேன். அது கிளம்பி, நடுவில் நின்று, யோசித்து, மறுபடி புறப்பட்டு வர ஏறக்குறைய ஒரு பஸ் வரும் நேரம் ஆனது. அவன் தாராளமாக விலகியிருக்கலாம். விலகவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கன்னத்தைக் காட்டிக்கொண்டு நின்றான்.

பொத்தென்று விழுந்தது. ஈரத்துணி விழுந்த சத்தம்.

"பங்காளி!" என்று அவன் கத்தினான். "விரல் அஞ்சும் விரிஞ்சிருச்சுடா! அண்ணி, பாத்தீங்களா?" அழுகிறானா சிரிக்கிறானா என்று தெரியவில்லை. என் மனைவியும் கை தட்டினாள். ஒன்பது மாத வஞ்சத்தை ஒரே நிமிஷத்தில் பயிற்சி வகுப்பாக்கிவிட்டார்கள், பாவிகள்.

நான் மன்னிக்கவில்லை. மாதத்தின் முதல் ஞாயிறு போகிறேன். கன்னத்தைச் சவரம் செய்து வைத்திருக்கச் சொல்லியிருக்கிறேன், செய்து வைத்திருக்கிறான். போன மாதம் சத்தம் சமையல்கட்டு வரை கேட்டது. அவன் பெண்டாட்டி எட்டிப் பார்த்துவிட்டு டீ போடப் போனாள். பயிற்சிப் பெண் ஃபைலில் 'நல்ல முன்னேற்றம்' என்று எழுதினாள்.

அந்த ஜோக் என்னுடையதுதான் என்று மட்டும் அவனிடம் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. மனைவியிடமும் சத்தியம் வாங்கியிருக்கிறேன். சொல்லிவிட்டால் அந்தக் கன்னம் எனக்குக் கிடைக்காது.