நிலாக்காவின் தூக்கம்

"ஏழாம் நம்பர், இப்ப கொட்டாவி விட்டது நீங்கதானே? வண்டியை ஓரங்கட்டுங்க. முகத்துல தண்ணி அடிச்சுட்டுக் கூப்பிடுங்க. அதுவரைக்கும் சவாரி கிடையாது."

"நான் வாயையே தொறக்கலையே அக்கா" என்று வயர்லெஸ்ஸில் முனகுகிறார் ஓட்டுநர்.

"என் காதுல விழுந்துச்சு. டீயும் ஒண்ணு குடிங்க" என்று சொல்லிவிட்டு நிலாக்கா அடுத்த அழைப்பை எடுக்கிறார்.

பெட்ரோல் பங்குக்கு மேலே ஒற்றை அறை. அதுதான் டாக்சி அலுவலகம். மேசைக்கடியில் செருப்பைக் கழற்றிவிட்டு, நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார். ஒரு காதில் வாடிக்கையாளர், மறு காதில் கணினி. அந்தக் காதுக்கருவியை வாங்கிக் கேட்டுப் பார்த்தேன்; திரையில் இருப்பதை அது படித்துச் சொல்கிற வேகத்தில் எனக்கு ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. கடுகு வெடிப்பதுபோல் இருந்தது. அடிக்கடி அழைப்பவர்களுக்குக் குரலை வைத்தே பெயர் சூட்டியிருக்கிறார். 'அவசரம் சார்' ஒருவர், 'சாவி தொலைச்ச அம்மா' ஒருவர். சிறு வயதில் வந்த காய்ச்சலில் நிலாக்காவுக்கு இரண்டு கண்களும் போய்விட்டன. வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பதுகூட அவருக்குத் தெரியாது.

தூக்க விஷயத்தில் இத்தனை கண்டிப்பு காட்டும் இவரே ஒரு காலத்தில் இதே நாற்காலியில் தூங்கி விழுந்தவர். ஒரு நாள் நடுப்பகலில், கொட்டும் மழையில் பெட்டியும் கையுமாக நின்ற பயணி ஒருவர் டாக்சி கேட்டு அழைத்தார். முகவரியைச் சொல்லி முடித்ததும் மறுமுனையிலிருந்து வந்த பதில், குறட்டை.

"நல்ல குறட்டைதான் போல. அந்தாளு கொஞ்ச நேரம் கேட்டுட்டுத்தான் கட் பண்ணாராம்" என்று இப்போது சிரிக்கிறார். அன்று சிரிக்க முடியவில்லை. மேலாளர் கூப்பிட்டு, "இன்னொரு தடவை இப்படி நடந்தா நீங்க வீட்டுலயே தூங்கிக்கலாம்" என்று சொல்லிவிட்டார்.

வீட்டிலும் இதே கதைதான். பள்ளி நாடகத்தில் மகளுக்கு ராணி வேஷம். ராணி வசனம் பேசியபோது முன்வரிசையில் அம்மா ஆழ்ந்த உறக்கம். மகள் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. உறவுக்காரர்கள் சோம்பேறி என்றே முத்திரை குத்தியிருந்தார்கள். இரவில் அவர் கொட்டக் கொட்ட விழித்துக் கிடந்தது யாருக்குத் தெரியும்?

"நான் என்னவோ தூக்கத்துக்குப் பத்திரிகை வெச்சு அழைச்ச மாதிரி பேசுவாங்க. ராத்திரி கெஞ்சினாலும் வராது. பகல்ல கூப்பிடாமலே வந்து மடியில உட்காந்துக்கும்."

முடிச்சை அவிழ்த்தவர் வீட்டுக்காரர். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை பாத்திரம் துலக்கிக்கொண்டே சொன்னார்: "கொஞ்ச நாள் நீ எங்களை மாதிரிதான் தூங்குற. அப்புறம் தினம் கொஞ்சம் கொஞ்சமாத் தள்ளிப் போகுது. தள்ளித் தள்ளிப் பகலுக்கு வந்துருது. மறுபடி சுத்திக்கிட்டு ராத்திரிக்கே வருது. நிலாவும் இப்படித்தான், தினம் லேட்டா வரும்."

மனைவிக்கு அந்தப் பேச்சு பிடித்துப்போயிற்று. மறுநாள் அலுவலகத்தில் சொல்லிச் சிரித்தார். ஓட்டுநர்கள் விடுவார்களா? அன்றிலிருந்து நிலாக்கா.

இருவரும் தூக்க மருத்துவர் ஒருவரிடம் போனார்கள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். "இது சோம்பல் இல்லம்மா. உங்க உடம்போட நாள் இருபத்து நாலு மணி நேரத்தைவிடக் கொஞ்சம் நீளம். கண்ணு வழியா உள்ள போற வெளிச்சம்தான் அதைத் தினமும் திருத்தி வைக்கணும். வெளிச்சமே தெரியாதவங்க நிறைய பேருக்கு இந்தச் சிக்கல் உண்டு."

நிலாக்கா அங்கேயே அழுதுவிட்டார். "நோய்னு சொன்னதுக்கு அழலைங்க. நான் சோம்பேறி இல்லைன்னு ஒரு ஆளு சொல்லிட்டாரேன்னு."

தினமும் மாலையில், ஒரே நேரத்தில், ஒரு மாத்திரை. முதல் மாதம் ஒன்றும் நடக்கவில்லை. மேலாளரிடம் விஷயத்தை விளக்கி, தூக்கம் பகலுக்கு வரும் நாட்களில் இரவுப் பணி கேட்டார். இரவுக்கு ஆள் கிடைக்காமல் திண்டாடிக்கொண்டிருந்த மனிதர். கரும்பு தின்னக் கூலியா என்று உடனே ஒத்துக்கொண்டார். பிறகு மெல்ல மெல்லத் தூக்கம் ஓரிடத்தில் நிலைத்தது. மாத்திரையை மறந்தால் மட்டும் முறுக்கிக்கொள்ளும். இப்போது நிலாக்காவுக்கு நிரந்தரமாகப் பகல் பணி. "நைட்டுக்கு ஆள் இல்லாம மேனேஜருக்குத்தான் தூக்கம் போச்சு" என்கிறார். இந்த வருட நாடகத்தில் மகளுக்கு மரம் வேஷம், வசனமே கிடையாது. அம்மா கடைசிவரை விழித்திருந்தார்.

போன வாரம் அவர் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் பேசிக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் கண்ணைக் கசக்கினார். மகள் அப்பாவின் தோளில் சாய்ந்தாள். நிலாக்கா எழுந்தார்.

"தப்பா நினைக்காதீங்க. எங்க எல்லாருக்கும் தூக்கம் வருது." அந்த 'எல்லாருக்கும்' என்பதை ஒரு இழுப்பு இழுத்தார்.

வாசலில் ஒரு செருப்பை மாட்டிக்கொண்டு இன்னொன்றைத் தேடிக் குனிந்தேன். அதற்குள் அவர் கை நேராக ஸ்விட்சுக்குப் போய் விளக்கை அணைத்துவிட்டது.