எக்ஸ்ரே படிக்கிற பொண்ணு

செங்கம் சாலையில் ஆசிரமத்துக்குப் பக்கத்தில் அறை எடுத்துத் தங்குகிறவர்கள் பெரும்பாலும் தங்களைத் தேடி வந்தவர்கள். நான் குவேசார்களைத் தேடிக்கொண்டிருந்தேன். வெகுதொலைவில் ராட்சதக் கருந்துளைகள் சுற்றியுள்ள வாயுவை விழுங்கும்போது எழும் வெளிச்சம்தான் குவேசார். அதிலிருந்து வரும் எக்ஸ்ரேயை நம் காற்றுமண்டலம் தடுத்துவிடும். அதனால் விண்வெளியில் இருக்கும் தொலைநோக்கி எடுத்த படங்களை இறக்கி, மடிக்கணினியில் அலசுவது என் முனைவர் பட்ட வேலை. கிரிவலக் கூட்டம் திரளும் பௌர்ணமியன்று மட்டும் இணையம் நகராது. ஆயிரம் கோடி வருடம் தடையில்லாமல் வந்த ஒளி, என் அறை வாசலில் நின்றுவிடும்.

கீழ்வீட்டில் வீட்டுக்காரர் இருந்தார், ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். என்ன வேலை என்று கேட்டவருக்கு ஒரு மணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, மனைவியிடம் நான் எக்ஸ்ரே படிக்கிற பொண்ணு என்று சொல்லி முடித்தார். என் ஆய்வுச் சுருக்கம் அவ்வளவு தெளிவாக இருந்ததில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் எந்தப் பட்டியலிலும் இல்லாத ஒரு புள்ளி கிடைத்தது. மொத்தம் ஒன்பது ஒளித்துகள்கள். அந்த ஒன்பதை வைத்தே ஒரு கருந்துளையின் எடை, வயது, சாப்பாட்டுப் பழக்கம் எல்லாவற்றையும் எழுதி அனுப்பிவிட்டேன். பெங்களூரில் இருக்கும் என் வழிகாட்டி வழக்கமாகப் பதில் போட மூன்று வாரம் எடுத்துக்கொள்வார். அன்று பத்து நிமிடத்தில் பதில் வந்தது. "நமது கண்டுபிடிப்பு" என்று எழுதியிருந்தார்.

இரண்டு நாள் கழித்து வீட்டுக்காரர் ஒரு பெரிய உறையோடு மாடியேறி வந்தார். விடாத இருமலுக்கு நெஞ்சுப் படம் எடுத்திருந்தார். டாக்டரிடம் காட்டப் பயந்து என்னிடம் வந்திருக்கிறார்.

எனக்கு இது தெரியாது, நான் பார்ப்பது வேறு எக்ஸ்ரே என்று எவ்வளவோ சொன்னேன். அவர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். காறை எலும்புக்குப் பக்கத்தில் வட்டமாக ஒரு வெள்ளைப் புள்ளி. நான் படத்தை இன்னும் கிட்டே இழுத்துப் பார்த்தேன்.

"இன்னாம்மா, ஜாஸ்தியா கீதா?" என்றார், என் முகத்தைப் பார்த்து.

"எனக்குத் தெரியல சார். வாங்க, இப்பவே டாக்டர்கிட்ட போலாம்."

ஆட்டோவிலிருந்து இறங்கும்போது, வீட்டில் சொல்ல வேண்டாம் என்றார்.

டாக்டர் படத்தை ஒரு கணம்தான் பார்த்தார். பிறகு வீட்டுக்காரர் கழுத்தைப் பார்த்தார். அங்கே வெள்ளிப் பூண் போட்ட ஒற்றை ருத்திராட்சம் தொங்கியது.

"படம் எடுக்கும்போது இதைக் கழட்டச் சொல்லலையா?"

"சொன்னாங்க சார். சாமி விஷயமாச்சே, முதுகுப் பக்கம் தள்ளிவுட்டுட்டேன்."

கழற்றிவைத்து மறுபடி எடுத்தபோது நெஞ்சு சுத்தமாக இருந்தது. இருமலுக்கு ஒரு மருந்து எழுதிக்கொடுத்து அனுப்பினார்.

திரும்பும் வழியெல்லாம் அவர் சிரித்துக்கொண்டே வந்தார். எனக்கும் நிம்மதிதான். ஆனால் புள்ளி உண்மையிலேயே அங்கே இருக்கிறதா என்று டாக்டருக்கு ஒரு கணத்தில் தோன்றிய கேள்வி, ஐந்து வருடம் ஆய்வு செய்த எனக்குத் தோன்றவில்லையே என்று உறுத்தியது. மாடிக்குப் போனதும், தொலைநோக்கியின் அதே கேமரா வானத்தின் வேறொரு மூலையைப் பார்த்து எடுத்த படத்தைத் திறந்தேன். கேமராவில் அதே இடத்தில் அதே புள்ளி. இன்னொரு திசையில் எடுத்ததிலும் அதே. என் கருந்துளை, கேமராவில் ஒளியைப் பதியும் லட்சம் கட்டங்களில் பழுதான ஒன்று.

வழிகாட்டிக்கு உடனே எழுதினேன். பதில் வர மூன்று வாரம் ஆனது. அதற்குள் அது "உன்னுடைய பிழை" ஆகியிருந்தது.

வீட்டுக்காரரோ, டாக்டருக்கு முன்னாலேயே புள்ளியைக் கண்டுபிடித்தவள் என்று தெரு முழுக்க என்னைப் பற்றிச் சொல்லிவைத்தார். என் அறிவியலுக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அதுதான் என்பதால் நான் மறுக்கவில்லை. பக்கத்து வீட்டம்மா முழங்கால் படத்தோடு வந்தபோது மட்டும், அந்த டாக்டரின் முகவரியைக் கொடுத்து அனுப்பினேன்.

போன வாரம் இறக்கிய படத்தில் வேறோர் இடத்தில் ஒரு புள்ளி தெரிகிறது. பதினோரு துகள்கள். இன்னும் யாருக்கும் எழுதவில்லை.