வெளுக்காத குட்டிகள்

சாகண் தொழிற்பேட்டையில் வேலை முடிந்து, கசார்வாடியில் நண்பன் முருகேசன் வீட்டில் அலுத்துப்போய் உட்கார்ந்திருக்கிறேன். பட்டறை வேலை போக, அவன் வெளிநாட்டு மலைப்பாம்புகளை வளர்த்துக் குட்டிகளை விற்கிறான். வெளுத்த குட்டிக்குத்தான் கிராக்கி. தகப்பன் பாம்பு வெளுத்த சந்தன நிறம், தாய் கரும்பழுப்பு. இன்று பொரித்தவை அத்தனையும் கரும்பழுப்பு.

"வெளுப்பு உள்ளதான் இருக்குடா. அப்பன் ஆத்தா ரெண்டு பேர்கிட்டயும் இருந்து வந்தாதான் வெளிய தெரியும். இதுங்க வளந்து ஒண்ணோட ஒண்ணு சேந்தா, நாலுல ஒண்ணு வெளுக்கும்" என்கிறான் சுரத்தில்லாமல்.

"எத்தனை வருஷம்?"

"மூணு வருஷமாவது ஆகும்."

அடுப்படியிலிருந்து அவன் மனைவி, "அரே, இன்னும் மூணு வருஷமா?" என்கிறாள்.

நான் அவளிடம் குளிர்ந்த தண்ணீர் கேட்கிறேன்.

"பானைத் தண்ணிதான்ணே. ஃப்ரிட்ஜ் பூரா அதுங்களுக்கு எலி."