சாவியை வாங்கிக்கொண்டவர்

மாரண்டஹள்ளியிலிருந்து தக்காளி ஏற்றிவந்த என் வேனை அதியமான்கோட்டை அருகே நிறுத்தினார் அந்த டிராபிக் போலீஸ்காரர். வெயிலில் கறுத்த, ஒல்லியான மனிதர். யாரை நிறுத்தினாலும் லைசென்ஸுக்கு முன்னால் கண்ணைத்தான் பார்ப்பார்.

"தூங்கி எத்தன நாளாச்சுங்க?"

"ரெண்டு நாளுங்க சார். சேலம் மார்க்கெட்டுக்கு லேட்டாவுதுங்க, விட்டுருங்க."

"லேட்டாவே போங்க. வூடு போய்ச் சேரணுமில்லைங்களா?"

சாவியை வாங்கிக்கொண்டு புளியமரத்தடியைக் காட்டினார். கோபத்தோடுதான் படுத்தேன், ஒரு மணி நேரம் அடித்துப்போட்டாற்போலத் தூங்கிவிட்டேன்.

விழித்தபோது வேனை நிழலில் நிறுத்தியிருந்தார். அவர் வெயிலில் நின்றார்.

"அபராதம் இல்லீங்களா சார்?"

"முகத்தக் கழுவிக்கிட்டுப் பாத்துப் போங்க" என்று சாவியைத் தந்தார். அவர் விரல்கள் அதை உடனே விடவில்லை.

என்றோ தூக்கக் கலக்கத்தில் வந்த யாரையோ நிறுத்தாமல் விட்டு, அந்த ஆள் வீடு போய்ச் சேரவில்லையோ? முகத்தைக் கழுவிக்கொண்டு மெதுவாகவே வேனை எடுத்தேன்.